காக்கும் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுப்பது ஏன்?

மாற்றுச் சிறுநீரகத்தோடு பாகான் டாலாமில் வாழும் ஒருவர், ரத்தப் பரிசோதனை நாளில் டாக்ரோலிமஸ் மருந்தைப் போடாமல்தான் கை நீட்ட வேண்டும். முந்தைய வேளை மருந்தில் எவ்வளவு மிச்சம் என்பதே கணக்கு. ஏன் இத்தனை கறார்?

1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி தந்த மருந்து இது. நோயெதிர்ப்பு டி செல்களில் கால்சினியூரின் நொதியை முடக்கி, புதிய உறுப்பைத் தாக்கவிடாமல் தடுக்கிறது. வம்பு என்னவென்றால், சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்தமனியையும் இறுக்குகிறது. அதனால் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும். மருத்துவர் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் நீடித்து விழும் தழும்புதான் ஆறாது.

சீனப் புத்தாண்டுக்குக் குவியும் பம்பளிமாஸும் ஆகாது. மருந்தை உடைக்கும் குடல் நொதியை அது தடுக்க, ரத்தத்தில் அளவு எகிறும். பயந்து மாத்திரையைத் தானே நிறுத்தினாலோ, உடல் அந்த உறுப்பையே நிராகரிக்கும்.