யார் வீட்டு மாடியில் சூரியன்?

எட்டாம் வகுப்பில், "வீட்டு மாடியில் சோலார் பேனல் வைத்தால் கரண்ட் பில் குறையும்" என்று சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "வாடகை வீட்டுல இருக்கிறவங்க எங்க சார் வைக்கிறது?" அறிவியல் பாடம் அந்த நொடியில் சமூக அறிவியலாகிவிட்டது.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் 1 கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. மத்திய அரசின் மானியம் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் ரூ.78,000. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதை எட்ட மூன்று படிகள் ஏற வேண்டும்.

முதலாவது, கூரை. 1 கிலோவாட்டுக்கு நிழல் படாத சுமார் 100 சதுர அடி இடம் தேவை. இரண்டாவது, முதலீடு. பேனல் பொருத்தி இயங்கத் தொடங்கிய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை கைப்பணமோ கடனோ வேண்டும். மூன்றாவது, சேமிப்பு. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். 90 யூனிட் மட்டும் செலவழிக்கும் வீட்டில் பேனல் குறைக்க பில்லே இல்லை. 500 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கோ, நாளொன்றுக்குச் சுமார் 8 யூனிட் தரும் 2 கிலோவாட் பேனல் பில்லில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும்.

வேறு வழிகளும் உண்டு. 2011-12இல் தொடங்கிய தமிழ்நாட்டின் பசுமை வீடுகள் திட்டம், ஏழைகளுக்கு 300 சதுர அடி வீட்டையே கட்டிக்கொடுத்து, அதில் சூரிய விளக்குகளையும் பொருத்தியது. ஓரிடத்தில் உற்பத்தியாகும் சூரிய மின்சாரத்தைப் பல வீடுகளின் கணக்கில் பகிர்ந்து வரவு வைக்கத் தில்லியில் விதிமுறை உள்ளது. வாடகைக்குக் குடியிருப்போருக்கும் இது பொருந்தக்கூடிய வழி.

இதை வகுப்பில் எப்படிக் கொண்டுசெல்வது? "யார் வீட்டில் மாடி இருக்கிறது? கை தூக்குங்கள்" என்று கேட்க வாயெடுத்தேன்; நிறுத்திக்கொண்டேன். கை தூக்காத பிள்ளைகள் தலைகுனிந்திருப்பார்கள். மாறாக, நான்கு அட்டைகளில் நான்கு கற்பனைக் குடும்பங்களை எழுதினேன்: சொந்த மாடி வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு, வாடகை வீடு, ஓட்டு வீடு. குழுவுக்கு ஓர் அட்டை. கேள்விகள் மூன்று: இக்குடும்பம் மானியத்தைப் பெற முடியுமா? எந்தப் படியில் நின்றுவிடுகிறது? எந்த விதியை மாற்றினால் மேலே ஏறும்?

வாடகை வீட்டு அட்டை பெற்ற குழு, "ஊர்ப் பொதுக் கட்டடத்து மாடியில் வைத்து எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாம்" என்று எழுதியது. தில்லி விதியைப் பற்றி அதன் பிறகுதான் சொன்னேன்.

வெயில் எல்லாக் கூரை மீதும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. அதன் பயன் ஒன்றுபோலக் கிடைக்க விதிகளைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்பிப்போம்.