மேடையில் பசுமை... மனுவில் கரி!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் புஞ்சைகளில் புரட்டாசி பிறந்துவிட்டால் எல்லார் கண்ணும் வானத்தில்தான் இருக்கும். மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, குதிரைவாலி, மல்லி என எதை விதைத்தாலும் வடகிழக்குப் பருவமழைதான் போட்ட முதலைக் காப்பாற்ற வேண்டும். விதைத்த பின் இருபது நாள் மழை இல்லையென்றால் பயிர் வாடிவிடும். அறுவடை நேரத்தில் கொட்டினால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். 'மழை முன்ன மாதிரி இல்லையே, இதுக்கு யார் காரணம்?' என்பதுதான் விவசாயிகள் கூடும் இடத்தில் எல்லாம் எழும் கேள்வி.

காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 சதவிகிதம் கூடும். அதனால் மழையில்லா நாளில் மண் ஈரம் சீக்கிரம் காய்கிறது. பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்தச் சீமையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் வழக்கமாக அவ்வளவு வராது. ஒரே ஒரு மழையை வைத்துப் புவி வெப்பத்தைக் குற்றம் சொல்லிவிட முடியாதுதான். ஆனால், வெப்பம் கூடக் கூட இப்படிப்பட்ட மழையும் கூடும் என்பதே விஞ்ஞானிகளின் முடிவு.

தெரிந்தே மறைத்தார்கள்

இந்த வெப்பத்துக்கு முக்கியக் காரணம், நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிவதால் வரும் கரியமில வாயு. இது எண்ணெய் நிறுவனங்களுக்கு எப்போதோ தெரியும். அமெரிக்காவின் எக்ஸான் நிறுவனத்தில் பணியாற்றிய விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், 1977-லேயே தன் நிர்வாகிகளிடம் இதை விளக்கினார். பின்னர் அந்த நிறுவனத்து விஞ்ஞானிகள், பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கும் போட்டார்கள். அந்தக் கணக்குகளில் 63 முதல் 83 சதவிகிதம் சரியாகவே இருந்தன என்று 2023 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

உள்ளே கணக்கு இப்படி இருக்க, வெளியே பேச்சு வேறாக இருந்தது. 1989-ல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் வாகன நிறுவனங்கள் சேர்ந்து 'உலகப் பருவநிலைக் கூட்டணி' என்ற அமைப்பைத் தொடங்கின. பெயரைக் கேட்டால் பருவநிலையைக் காப்பாற்ற வந்தவர்கள் என்றே தோன்றும். ஆனால், புகையைக் குறைக்கும் சட்டம் வராமல் தடுப்பதுதான் அதன் வேலை. 'அடிப்படை அறிவியலை மறுக்க முடியாது' என்ற பொருளில் அதன் சொந்த ஆலோசகர்களே 1995-ல் எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் சந்தேகத்தைக் கிளப்பும் பிரசாரம் தொடர்ந்தது. 1997-ல் உருவான கியோட்டோ ஒப்பந்தத்தை 2001-ல் அமெரிக்கா கைவிட்டது. அடுத்த ஆண்டே கூட்டணியும் கலைந்துவிட்டது.

இது பழைய கதையும் அல்ல. 'கார்பன் வரியை ஆதரிக்கிறோம்' என்று எக்ஸான்மொபில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. அந்த வரி வரவே வராது என்று தெரிந்துதான் ஆதரிப்பதாகச் சொல்கிறோம் என்ற பொருளில் அந்த நிறுவனத்தின் மூத்த அலுவலர் ஒருவர் பேசியது, 2021-ல் ரகசிய கேமராவில் பதிவாகி வெளியானது. அது நிறுவனத்தின் கருத்து இல்லை என்று தலைமை மறுத்து, மன்னிப்பும் கேட்டது.

நம் நாட்டிலும் உண்டு

அனல்மின் நிலையப் புகையில் கந்தக டை ஆக்சைடைக் குறைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது. கொடுத்த அவகாசம் இரண்டு ஆண்டுகள். செலவு தாங்காது, கருவி கிடைக்கவில்லை என்று மின் உற்பத்தியாளர்கள் முறையிட, கெடு பலமுறை தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூலையில், ஏறத்தாழ 78 சதவிகித அனல்மின் அலகுகளுக்கு அந்தக் கருவி பொருத்துவதில் இருந்தே விலக்கு கிடைத்துவிட்டது. இது கரியமில வாயு பற்றிய விதி அல்ல. ஆனால், விதியைத் தள்ளிப்போடும் வழி ஒன்றுதான்.

திருச்சுழிக்கு அடுத்த கமுதியில், அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 2,500 ஏக்கரில் நிற்கும் அந்தப் பலகைகள் தரும் மின்சாரம் நிஜம். அதில் புகையும் இல்லை. அதே குழுமம்தான் ஆஸ்திரேலியாவின் கார்மைக்கேல் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டி, 2021 டிசம்பரில் முதல் கப்பலை ஏற்றுமதிக்கு அனுப்பியது. அரசுக்குக் கட்ட வேண்டிய ராயல்டியைத் தள்ளிக் கட்டுவதற்கும் 2020-ல் அங்கே ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. இரண்டுமே அனுமதி பெற்ற தொழில்கள்தான். ஆனால், ஒன்றின் படத்தை மட்டும் காட்டி 'நாங்கள் பசுமை' என்றால், மற்றதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

பாக்கெட்டின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து விவசாயி விதை வாங்குவதில்லை. விவர அட்டையில் முளைப்புத்திறன் எவ்வளவு, காலாவதி எப்போது என்றுதான் பார்ப்பார். நிறுவனங்களுக்கு விளம்பரம்தான் படம். அரசிடம் அவர்கள் கேட்கும் சலுகையும் விலக்கும்தான் அட்டை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை மத்திய அரசு 2023-ல் அறிவித்திருக்கிறது. 'மரம் நடுங்கள், உழவைக் குறையுங்கள், பணம் தருகிறோம்' என்று கிராமங்களுக்கு வருபவர்களிடம் இவற்றைக் கேட்பது நல்லது:

* கிரெடிட்டை வாங்கப்போவது யார்? அவர்கள் தங்கள் புகையைக் குறைக்கிறார்களா, அல்லது இதைக் காட்டித் தொடர்ந்து புகைவிடப் போகிறார்களா?
* ஒப்பந்தம் எத்தனை வருடம்? நடுவில் பயிரை மாற்றினாலோ நிலத்தை விற்றாலோ என்ன ஆகும்?
* விற்ற பணத்தில் விவசாயிக்கு எவ்வளவு, எப்போது? முன்பணம் ஏதும் கட்ட வேண்டுமா?
* ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி கையில் கிடைக்குமா?

சூரிய மின் நிலையத்துக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டால், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் அடைபடாது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். குத்தகையைப் பதிவு செய்வதும் அவசியம்.

மனு கொடுக்கும் வழி நிறுவனங்களுக்கு மட்டும் உரியதல்ல. மத்திய அரசு சுற்றுச்சூழல் விதிகளை மாற்றும்போது, பொதுவாக வரைவை அரசிதழில் வெளியிட்டு 60 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் யாரும் ஆட்சேபணை எழுதி அனுப்பலாம். சுரங்கம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினால், பாதிக்கப்படும் விவசாயி அங்கே பேசலாம். பேசியதைப் பதிவு செய்தாக வேண்டும். கிராம சபைத் தீர்மானமும், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டமும் இருக்கின்றன. புகையைத் தள்ளிப்போடச் சொல்லும் மனுக்கள் மட்டுமே அரசின் மேஜைக்குப் போனால், முடிவும் அவர்கள் பக்கமே சாயும். மழையை நம்பி விதைப்பவர்களின் மனுவும் அங்கே போய்ச் சேர வேண்டும்.