குழு உளவளத்துணையின் முதல் அமர்வு: கடலூர், சிதம்பரம் கடற்கரை ஊர்களை முன்வைத்து

முன்னுரை

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையால் பேரிழப்புக்கு உள்ளான மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. 600க்கும் மேற்பட்டோர் அங்கு உயிரிழந்தனர். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினமும், சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பகுதியின் எம்.ஜி.ஆர். திட்டும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. பெங்களூரு நிம்கான்ஸ் நிறுவனம் தமிழகக் கடற்கரையில் சமூகப் பணியாளர்களுக்கு உளசமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது. இத்தகைய ஊர்களில் துயருற்றோர் குழுவின் முதல் அமர்வை வழிநடத்துநர் எவ்வாறு தொடங்குதல் தகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அறிமுகம்

நகர மருத்துவமனையில் கூடும் குழுவினர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆதலின் பெயர் கூறுதலே அங்கு முதற்செயல். மீனவர் ஊரிலோ அனைவரும் உறவினர் அல்லது அண்டை வீட்டார். அங்கே அயலார் வழிநடத்துநர் ஒருவரே. எனவே தாம் யார், எத்தனை வாரம் வருவார், எதைக் குறித்துக்கொள்வார் என்பவற்றை அவரே முதலில் கூற வேண்டும். கணக்கெடுப்புகள் பல நடந்த ஊரில், இங்குப் பேசுவதால் நிவாரணம் கூடவோ குறையவோ செய்யாது என்பதையும் தெளிவுபடுத்துதல் இன்றியமையாதது.

மறைகாத்தல்

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மறைகாக்கும் கடமையைச் சிகிச்சை அளிப்போர்க்கு விதிக்கிறது. உடன் அமர்ந்திருக்கும் உறுப்பினரை அது கட்டுப்படுத்தாது. ஆகவே வழிநடத்துநர் பிறர் சார்பில் உறுதி அளித்தல் ஆகாது. தம் வாக்கைத் தாம் அளித்து, மற்றவர்தம் இசைவை ஒவ்வொருவராகக் கேட்டுப் பெறுதல் வேண்டும். உயிருக்கு ஆபத்து நேருமிடத்து மறைகாக்க இயலாது என்பதையும் முன்னரே கூறிவிட வேண்டும்.

பேசாதிருக்கும் உரிமை

பேரிடர் நிகழ்வை ஒரே அமர்வில் விரித்துரைக்கச் செய்வது பின்விளையும் உளப்பாதிப்பைத் தடுப்பதில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் ‘அன்று என்ன நடந்தது?’ என்று தொடங்குதல் தவறு. “யாரும் பேசியே ஆகணும்னு இல்லீங்க. கேட்டுக்கிட்டு இருந்தாலே போதும். எழுந்து போகணும்னா போகலாம்” என்னும் எளிய சொற்களே போதுமானவை. பின்னர் உறக்கம், உணவு, பிள்ளைகளின் நிலை என இன்றைய வாழ்விலிருந்து வினவலாம்.

துன்பம் தனக்கு மட்டும் உரியதன்று எனும் உணர்வை, குழு குணப்படுத்தும் காரணிகளுள் ஒன்றாக இர்வின் யாலம் கருதினார். இவ்வூர்களில் இழப்பு பொதுவானது என்பதை எவரும் அறிவர். பிள்ளையின் கை தன் கையிலிருந்து நழுவியதே என்னும் குற்றவுணர்வைத்தான் ஒவ்வொருவரும் தனிமையில் சுமக்கக்கூடும்.

முடிவுரை

அச்சொல் முதல் அமர்வில் வெளிப்பட வேண்டியதில்லை. என்றேனும் வெளிப்படுமாயின், அது தெருவுக்குச் செல்லாது என்னும் நம்பிக்கையை விதைப்பதே முதல் அமர்வின் பணியாகும்.