வண்டியின் முதுகெலும்பு

அமெரிக்க நாட்டில் 1948ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனத்தார் எஃப்-1 என்னும் சிறு சரக்கு வண்டியை வெளியிட்டனர். அவ்வண்டிகளைச் சிலர் இன்றும் பேணி ஓட்டி வருகின்றனர். எஞ்சினையும் ஏற்றிய சுமையையும் தாங்குவது வண்டியின் அடிச்சட்டமே. நெடுக்காக அமைந்த இரண்டு எஃகு விட்டங்களும், அவற்றை ஏணிபோல் இணைக்கும் குறுக்கு விட்டங்களும் சேர்ந்ததே அடிச்சட்டம்.

அந்நாட்டின் வடபகுதியில் குளிர்காலத்திலே சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுவர். உப்புநீர் சட்டத்தின் இடுக்குகளிற் புகுந்து தங்கும். இரும்பு நீரோடும் பிராணவாயுவோடும் கூடித் துருவாகிறது. உப்பு அச்செயலை விரைவுபடுத்துகிறது.

துருவின்மேல் வண்ணம் பூசினால் சட்டம் புதியது போலத் தோன்றும். உள்ளே அரிப்பு ஓயாது. சுமையோடு ஓடும்போது சட்டம் முறியுமாயின் உயிருக்கே கேடு விளையும். ஆதலின் தொழிலறிந்தோர் முதலில் சுத்தியலால் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பர். நல்ல எஃகு கணீரென ஒலிக்கும்; அரிப்புண்ட இடம் மந்தமாய் ஒலிக்கும். பின்னர்ச் சட்டம் தொய்யாதவாறு முட்டுக்கொடுத்து, நல்ல எஃகு தென்படுமளவும் பழுதுற்ற பகுதியை வெட்டி நீக்குவர். அதே கனமுள்ள புதுத் தகட்டைப் பொருத்திப் பற்றவைப்பர். எஞ்சிய துருவை முற்றும் சுரண்டிய பின்னரே வண்ணம் பூசுவர்.

துருவை மறைத்தல் எளிது, களைதல் அரிது. எனினும், களைந்த வண்டியே நம்பி ஏறத்தக்கது.