சூரியனில் கிடைத்த வாயு

பூமியில் கிடைப்பதற்கு முன்பே சூரியனில் கண்டுபிடிக்கப்பட்ட தனிமம் எது தெரியுமா? பலூனில் அடைக்கிறார்களே, அந்த ஹீலியம்தான். சூரியனுக்குப் போகாமலே அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கதை நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவில் தொடங்குகிறது.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம். பிரான்ஸ் விஞ்ஞானி பியர் ஜான்சென் கப்பலேறி வந்து, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் தொலைநோக்கியோடு காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போயிருந்தார். (நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் உள்ள இடத்தில்தான் அந்த ஆய்வகம் இருந்தது.)

நிலா சூரியனை முழுதாக மறைத்ததும், விளிம்பில் சிவந்த தீநாக்குகள் தெரிந்தன. அந்த ஒளியை நிறமாலைக் கருவியில் பிரித்துப் பார்த்தார்கள். வெயிலை மழைத்துளி வானவில்லாகப் பிரிக்கிறதல்லவா? இந்தக் கருவி செய்வதும் அதே வேலைதான். ஆனால், கொதிக்கும் வாயுவின் ஒளியைப் பிரித்தால் முழு வானவில் வராது. தனித்தனிக் கோடுகள்தான் வரும். நமக்குக் கைரேகை போல, ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள். அடுப்புத் தீயில் உப்பு விழுந்தால் மஞ்சளாக எரியுமே, அது உப்பிலுள்ள சோடியத்தின் அடையாளம்.

அன்றும் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியமாக இருக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். போக்சனுக்கு மட்டும் ஐயம். கோடு சரியாக சோடியத்தின் இடத்தில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா?

இரண்டு மாதம் கழித்து, இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் கிரகணம் இல்லாத நாளிலேயே அந்தத் தீநாக்குகளை ஆராய்ந்தார். மஞ்சள் கோடு சற்றுத் தள்ளித்தான் இருந்தது! பூமியில் தெரிந்த எந்தப் பொருளோடும் அது பொருந்தவில்லை. அப்படியானால் இது புதிய தனிமம் என்றார் அவர். கிரேக்க மொழியில் சூரியனுக்கு 'ஹீலியோஸ்' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் ஹீலியம். வேதியியல் அறிஞர்கள் பலர் இதை நம்பவில்லை. கையில் எடுத்துக் காட்ட முடியாத பொருளை எப்படி நம்புவது? நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க 27 ஆண்டுகள் ஆயின. 1895-ல் லண்டனில் வில்லியம் ராம்சே, யுரேனியம் கலந்த கிளீவைட் என்ற தாதுவை அமிலத்தில் இட்டுச் சூடாக்கினார். வெளிவந்த வாயுவைக் கருவியில் பார்த்தால், அதே மஞ்சள் கோடு! லாக்கியர் அதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். போக்சனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் 1891-லேயே சென்னையில் காலமானார்.

ஹீலியம் எதனோடும் எளிதில் சேராது. தீப்பிடிக்காது. அதனால்தான் மந்த வாயு என்கிறோம். காற்றைவிட மிகவும் லேசானது என்பதால் பலூன் மேலே போகிறது. ஆனால் ஒன்று: திருவிழாவில் விற்கும் பலூன்களில் எல்லாம் ஹீலியம்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். விலை மலிவு என்பதால் ஹைட்ரஜனை அடைப்பவர்களும் உண்டு. அது படக்கென்று தீப்பற்றும். கற்பூரம், மத்தாப்பு பக்கமே பலூனைக் கொண்டுபோகக் கூடாது. குரலை மாற்றுவதற்காக ஹீலியத்தை உறிஞ்சுவதும் வேண்டாம். நுரையீரலில் ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போய்விடும்.

ஹீலியத்தின் பெரிய வேலை பலூனில் இல்லை, குளிரில் இருக்கிறது. ஹாலந்தின் லைடன் நகரில் 1908-ல் காமர்லிங் ஆனஸ் அதைத் திரவமாக்கினார். திரவ ஹீலியத்தின் கொதிநிலை மைனஸ் 269 டிகிரி! மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் கருவிக்குள் இருக்கும் பெரிய காந்தத்தை இந்தத் திரவம்தான் குளிர வைக்கிறது.

பூமிக்குள் யுரேனியம், தோரியம் போன்றவை சிதையும்போது ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறைக்கடியில் சேர்ந்ததைத்தான் இயற்கை எரிவாயுவோடு எடுக்கிறோம். வெளியே விட்டால் அவ்வளவுதான். காற்றில் கலந்து, மேலே போய், மெல்ல மெல்ல விண்வெளிக்குத் தப்பிவிடும். அதனால்தான் இப்போதைய ஸ்கேன் கருவிகள் பலவற்றில், ஆவியாகும் ஹீலியத்தை மறுபடி குளிர வைத்து அதே தொட்டிக்குள் திருப்பி அனுப்புகிறார்கள்.