வேண்டாம் என்ற கண்ணனுக்கு எஸ்எம்எஸ் போவது ஏன்? - பைத்தானின் 4 குறிகள் செய்யும் வேலை

9-ம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் ‘கண மொழி’ பாடம் நினைவிருக்கிறதா? சேர்ப்பு, வெட்டு, வித்தியாசம், சமச்சீர் வித்தியாசம் என்று வட்டம் வட்டமாகப் போட்டுப் படித்தோமே, அதேதான். பைத்தான் நிரல்மொழியில் இந்த நாலு வேலையும் ஆளுக்கொரு குறியில் முடிந்துவிடும்.

நாலு குறி, நாலு வேலை

ஒரு கடையின் பழைய வாடிக்கையாளர்கள் கண்ணன், மீனா. புதியவர்களின் பட்டியலில் மீனா, ரவி. இரண்டையும் கணங்களாக வைத்துக்கொள்வோம்.

பழைய | புதிய - சேர்ப்பு. கண்ணன், மீனா, ரவி மூவரும் கிடைப்பார்கள். மீனா ஒரு முறைதான் வருவார்.
பழைய & புதிய - வெட்டு. இரண்டிலும் இருக்கும் மீனா மட்டும்.
பழைய - புதிய - வித்தியாசம். கண்ணன் மட்டும்.
பழைய ^ புதிய - சமச்சீர் வித்தியாசம். ஏதாவது ஒன்றில் மட்டும் இருக்கும் கண்ணனும் ரவியும்.

ஏன் இந்தக் குறிகள்?

1888-ல் இத்தாலியக் கணிதவியலாளர் ஜூசெப்பே பியானோ அறிமுகப்படுத்திய ∪, ∩ குறிகள் சாதாரண கீபோர்டில் இல்லை. பிட்களுக்கான ‘அல்லது’, ‘மற்றும்’ செயல்களுக்கு |, & ஏற்கெனவே இருந்தன. இதில் ‘அல்லது’ அதில் இருந்தால் சேர்ப்பு. இதிலும் அதிலும் இருந்தால் வெட்டு. பொருத்தம் கச்சிதம். கூட்டல் குறியைப் போட்டால்? பைத்தான் பிழைச் செய்திதான் காட்டும்.

கோட்டைவிடும் இடம்

‘எனக்கு எஸ்எம்எஸ் வேண்டாம்’ என்று கண்ணன் சொல்லிவிட்டார். அவரை நீக்க இப்படி எழுதுகிறார்கள்:

பழைய | புதிய - வேண்டாம்

இடமிருந்து வலமாக நடக்கும் என்றுதான் தோன்றும். ஆனால், பைத்தானில் கழித்தலுக்கே முதல் மரியாதை. பிறகு &, அடுத்து ^, கடைசியில்தான் |. எனவே, புதியவர்களிலிருந்து மட்டும் கண்ணனைத் தேடி நீக்கும். அங்கே அவர் இல்லவே இல்லை. அப்புறம் பழைய பட்டியல் சேரும்போது கண்ணனும் கூடவே வந்துவிடுவார், எஸ்எம்எஸ்ஸும் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து.

சரியான வழி:

(பழைய | புதிய) - வேண்டாம்

இப்போது மீனா, ரவி மட்டுமே மிஞ்சுவார்கள்.

இன்னொன்று: இந்தக் குறிகளுக்கு இரண்டு பக்கமும் கணமே இருக்க வேண்டும். ஒரு பக்கம் ‘லிஸ்ட்’ இருந்தால் பிழை வரும். அப்போது ‘யூனியன்’ என்ற செயற்கூறு கைகொடுக்கும். அது லிஸ்ட்டையும் ஏற்றுக்கொள்ளும். ஒரே வரியில் இரண்டு குறி வந்தால், யோசிக்காமல் அடைப்புக்குறி போட்டுவிடுவது நல்லது.