48 ஆண்டுக்கு ஒரு பூ

மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும், பூத்ததும் பட்டுப்போகும் என்பது நாட்காட்டித் தாளின் அடியிலும் பத்திரிகைப் பெட்டிச் செய்தியிலும் அடிக்கடி தென்படும் துணுக்கு. படிப்பவர் ‘அப்படியா!’ என்று வியந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். குறிஞ்சிக்கு 12 ஆண்டு என்பதோடு சேர்த்து இதையும் மனம் ஒரு மூலையில் போட்டுவைக்கும். ஆனால் மிசோரமில் இதே தகவல் ஒரு பஞ்சத்துக்கும், அதன் வழியே 20 ஆண்டுக் கிளர்ச்சிக்கும் முன்னறிவிப்பாக இருந்தது. அந்தப் பஞ்சத்துக்கு மூங்கிலையும் எலியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வழக்கம். தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல நடத்திய நிர்வாகத்துக்குத்தான் அதில் பெரும்பங்கு என்பேன்.

மிசோ மலைகளில் பரந்து கிடப்பது மெலோகன்னா என்ற மூங்கில் இனம். நம் கடைகளில் மூங்கில் அரிசி என்று விற்பது வேறு மூங்கிலின் விதை, பார்க்க நெல்மணிபோல இருக்கும். மெலோகன்னாவின் காயோ சதைப்பற்றோடு பேரிக்காயைப்போல் திரண்டிருக்கும். சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை மலைமலையாக இந்த மூங்கில் பூத்துக் காய்த்து மடிகிறது. ஒருசேரப் பூப்பதில் அதற்கு என்ன லாபம்? அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1976-இல் விரிவாக முன்வைத்த விளக்கம் இது: ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்தால் எலியும் பறவையும் மிச்சம் வைக்காது, ஒரேயடியாகக் கொட்டினால் தின்று தீர்க்க முடியாது, தப்பிய விதை முளைத்துவிடும். இந்தத் தந்திரத்தின் விலையை மனிதர்கள் கொடுக்கிறார்கள். காய் கிடக்கும்வரை எலிகள் வயிறார உண்டு பல்கிப் பெருகும். காய் தீர்ந்ததும் அத்தனை எலிகளும் மலைச்சரிவின் ஜூம் வயல்களில் இறங்கும். காட்டை வெட்டி எரித்து, மழையை நம்பி விதைத்த நெல் கதிர் முற்றும் வேளையில் ஓரிரு இரவுகளில் காணாமல்போகும். மிசோக்கள் இதை மௌதாம் என்கிறார்கள். 1862, 1911-12, 1959, 2007 என்று அதன் வருகை பதிவாகியிருக்கிறது.

1959 மௌதாமின்போது மிசோ மலைகள் அசாமின் ஒரு மாவட்டம். 1958-லேயே மிசோ மாவட்டக் கவுன்சில், மூங்கில் பூக்கப்போகிறது, பஞ்சம் வரும், முன்கூட்டியே நிதி வேண்டும் என்று அசாம் அரசிடம் கேட்டது. அது மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று தள்ளப்பட்டது. பூவுக்கும் பஞ்சத்துக்கும் உள்ள தொடர்பு அன்றைய அதிகாரிகளுக்கு எப்படித் தெரியும் என்று அவர்களுக்காக வாதாடலாம். ஜான்சனின் விளக்கமே பின்னால் வந்ததுதானே? உண்மைதான். ஆனால் காரணம் புரிவது வேறு, நிகழ்வு பதிவாகியிருப்பது வேறு. 1911-12 பஞ்சத்தை ஆங்கிலேய நிர்வாகம் நேரில் கண்டு எழுதிவைத்திருந்தது. கோப்பைப் புரட்டி 48-ஐக் கூட்டிப் பார்க்கத் தாவரவியல் பட்டம் தேவையில்லை. 1959-இல் எலிகள் வந்தன. நிவாரணம் தாமதமாகவும் போதாமலும் வந்தது.

அரிசி கொண்டுசேர்க்க ஊர் இளைஞர்களே இறங்கினார்கள். 1960-இல் உருவான மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961 அக்டோபரில் பெயரில் இருந்த பஞ்சத்தை உதறிவிட்டு மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் கட்சியானது. தலைவர் லால்டெங்கா, முன்னாள் ராணுவ ஹவில்தார். 1966 மார்ச்சில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. இந்திய விமானப்படை ஐஸாலின் மீது குண்டு வீசியது. 1986 ஜூன் 30-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை மலைகளில் அமைதி இல்லை. இத்தனையையும் ஒரு பூவின் தலையில் கட்டுவது மிகை என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். நியாயமான ஆட்சேபம்தான். அசாமி மொழியை ஆட்சிமொழியாக்கிய 1960-ஆம் ஆண்டுச் சட்டம் மலை மாவட்டங்களைக் கொதிக்கவைத்தது. 1947-லேயே இந்தியாவில் சேரத் தயங்கியவர்கள் அங்கே உண்டு. மனக்குறைகள் பல இருந்தன. ஆனால் அவற்றை ஊர் ஊராக எடுத்துச்செல்லும் அமைப்பும், மக்களின் நன்றியும் லால்டெங்காவுக்குக் கிடைத்தது அரிசி மூட்டைகளின் வழியாகத்தான்.

இதை உரசிப்பார்க்க அடுத்த மௌதாமே வாய்ப்பளித்தது. இம்முறை மிசோரம் மாநில அரசு 2004-லேயே மூங்கில் பூப்பை எதிர்கொள்ளத் தனித்திட்டம் தொடங்கியது. எலி வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் காசு. நெல்லுக்குப் பதில் எலி அதிகம் சீண்டாத இஞ்சி, மஞ்சள் பயிரிட ஊக்கம். அப்போது முதலமைச்சராக இருந்தவர் ஒருகாலத்தில் லால்டெங்காவின் செயலாளராக இருந்த ஸோரம்தங்கா. பஞ்சத்தில் பிறந்த கட்சியே பஞ்சத்துக்குத் தயாரானது. பயிர் பிழைத்ததா என்றால், இல்லை. ஜூம் நெல்லை எலிகள் பெருமளவு அழித்தன, பல ஊர்கள் வெளி அரிசியை நம்பியே இருந்தன. முன்னறிவால் என்ன பயன் என்று இதைக் காட்டிக் கேட்பவர்கள் எலியையும் பட்டினியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எலியைத் தடுக்க இரண்டு முறையும் யாராலும் முடியவில்லை. 2007-இல் அரிசி வந்துசேர வழியிருந்தது, 1959-இல் இல்லை. அடுத்த சுற்று 2055-ஐ ஒட்டி வரவேண்டும். பூப்பு எல்லா மலையிலும் ஒரே ஆண்டில் நிகழாமல் முன்னும் பின்னும் சில ஆண்டுகள் பரவுவதால், ஓரிரு ஆண்டு முந்தினாலும் ஆச்சரியமில்லை.